நொட் பேட் மாப்பிள்ளை

தலவாக்கலைக்கு மேலே பெல்மவுண்ட் என்று ஒரு தேயிலைத் தோட்டம். ஆட்கள் வாயில் அது பெம்மண்டு. அந்தத் தோட்டத்துப் பெரிய பங்களாவில் சமையல் செய்தவர் சூசைரட்ணம். பங்களாச் சமையல்காரரை அப்பு என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். துரையும் அப்பு என்பார், பூந்தோட்டம் கொத்துகிறவனும் அப்பு என்பான். சூசைரட்ணம் என்ற பெயர் மாதா கோயிலில் பூசைக்குக் கொடுக்கும்போது மட்டும்தான் வெளியே வரும்.

அவருக்கு இங்கிலிசு தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டோடு நின்று காதால் பொறுக்கிய இங்கிலிசு அது. மழை, ஆட்டிறைச்சி, கொழும்பில் தேயிலை விலை, சீமைக்குப் போகும் கப்பல் என்று கொஞ்சம் கொஞ்சம் புரியும். ஆனால் பாராட்டு வார்த்தைகள் மட்டும் ஒன்று விடாமல் தெரியும். எது பெரிய வார்த்தை, எது சின்ன வார்த்தை என்று தராசில் போட்டு நிறுத்துச் சொல்வார்.

இந்தப் படிப்பெல்லாம் ஹார்வி துரை காலத்தில் வந்தது. ஹார்வி துரை வாய் நிறையப் பேசுகிறவர். சூப் வந்தால் "ஸ்பிளெண்டிட்". கோழி வந்தால் "மார்வலஸ்". கடைசியில் புடிங் வந்தால் "ஃபஸ்ட் கிளாஸ், அப்பு, ஃபஸ்ட் கிளாஸ்". சூசைரட்ணம் அந்த வார்த்தைகளை அப்படியே ஏந்திக்கொண்டு குசினிக்கு வருவார். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் மனைவி றோசலினிடம், "இன்னைக்கு மார்வலஸ்" என்பார். றோசலினும் சரி என்று தலையாட்டுவாள். அவளுக்கு அடுத்த தட்டு வந்தால் போதும்.

ஹார்வி துரை கப்பல் ஏறிப் போய்விட்டார். போகிற அன்று காரில் ஏறும்போது யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். அவருக்குப் பதிலாக மெக்கின்னன் துரை வந்தார். உயரமான, பேசாத மனிதர். கலியாணம் ஆகாதவர். ஒரு பெட்டி, ஒரு புகைக்குழாய், ரஸ்டி என்று சிவந்த உரோமம் கொண்ட ஒரு நாய், இவ்வளவுதான் அவருடைய குடும்பம்.

முதல் நாள் சாப்பாட்டுக்கு ஆட்டுத் தொடையைப் பொறுமையாக வேகவைத்து, புதினா சோசும் வைத்து, மேசைக்குக் கொண்டுபோனார் சூசைரட்ணம். துரை சாப்பிட்டார். ஒன்றும் மிச்சமில்லை. கத்தியையும் முள்ளையும் சேர்த்து வைத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "நொட் பேட்" என்றார்.

சூசைரட்ணத்துக்கு முகம் விழுந்துபோயிற்று. குசினிக்கு வந்து தலைப்பாகையைக் கழற்றி வைத்தார்.

"என்ன சொன்னாரு?" என்று றோசலின் கேட்டாள்.

"கெட்டுப்போகலைன்னாரு."

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் அவர் பாடுபட்டார். மீன் கிடைக்கிற நாளில் மீன், கிடைக்காத நாளில் முட்டை, கரட்டையும் லீக்சையும் வைத்து என்னென்னவோ. துரை பெரும்பாலும் ஒன்றும் சொல்லமாட்டார். எப்போதாவது ஒருநாள் "நொட் பேட்" என்பார். அந்த நாளில் சூசைரட்ணம் சரியாகச் சாப்பிடமாட்டார். இப்படியே சில வருசம் ஓடிவிட்டது.

இந்த நிலையில்தான் இசபெலுக்கு ஒரு சம்பந்தம் வந்தது.

இசபெல் அவர்களுடைய ஒரே மகள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தாள். பேச்சில் கெட்டிக்காரி, கொஞ்சம் பொறுமை குறைவு. பெண் கேட்டவன் றோலண்ட், தோட்ட ஒபிசில் சின்னக் கிளாக்கர். அக்கரப்பத்தனைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து படித்து வந்த பையன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தலவாக்கலைக்குப் போகும் லொறியில் அவனும் வருவான். இருவரும் முன்பே பேசி வைத்துக்கொண்டார்கள் என்பது லொறியில் போன எல்லாருக்கும் தெரியும், சூசைரட்ணத்தைத் தவிர. அவர் ஞாயிற்றுக்கிழமையும் பங்களாவில் சமைக்க வேண்டியவர்.

றோலண்ட் ஆள் அனுப்பாமல் தானே வந்து கேட்டான். சூசைரட்ணத்துக்கு அது பிடித்திருந்தது. ஆனாலும் பையனுடைய ஆட்கள் எங்கேயோ இருக்கிறார்கள், இங்கே தனியாள், எப்படிப்பட்டவன் என்று யாரிடமாவது கேட்கவேண்டும்.

"சாமியார்கிட்ட கேட்டேனே. நல்ல பிள்ளைன்னாரு" என்றாள் றோசலின்.

"சாமியாரு யாரைத்தான் நல்ல பிள்ளை இல்லைன்னாரு? கோழி திருடி மாட்டுனானே ஒருத்தன், அவனையும் நல்ல பிள்ளை, போதாத காலம்னுதான் சொன்னாரு. நான் தொரைகிட்ட கேக்குறேன். ஒபிசுல தினம் பாக்குறவரு அவருதான்."

மறுநாள் காலை துரை வராந்தாவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ரஸ்டி காலடியில் படுத்திருந்தது. சூசைரட்ணம் தட்டோடு நின்று, தனக்குத் தெரிந்த இங்கிலிசிலும் துரைக்குத் தெரிந்த தமிழிலுமாக விஷயத்தைச் சொன்னார். மகள், கலியாணம், கிளாக்கர் றோலண்ட், எப்படி ஆள்?

துரை புகைக்குழாயைத் தட்டினார். எதிர் மலையைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"யங் றோலண்ட்? நொட் எ பேட் சாப்." இன்னும் கொஞ்சம் யோசித்து, "நொட் எ பேட் சாப் அட் ஓல்."

சூசைரட்ணம் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். குசினியில் றோசலினும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்ற இசபெலும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"சரிவராது" என்றார்.

"என்னப்பா சொன்னாரு தொரை?"

"நொட் பேட்னாரு."

"அதுக்கு என்ன?"

"கெட்டவன் இல்லைன்னு அர்த்தம். கெட்டவன் இல்லைங்கிறது ஒரு தகுதியா? இந்தா இந்த அம்மிகூடத்தான் கெட்டது இல்ல. அதுக்குப் பொண்ணு குடுக்க முடியுமா? அதுவும் ஒரு தடவை சொல்லிட்டு விடல. யோசிச்சு ரெண்டாவது தடவை சொன்னாரு. கடைசியில அட் ஓல்னு ஒரு பூட்டும் போட்டுட்டாரு. மனசுல என்னமோ இருக்கு, சொல்லத் தயங்குறாரு."

இசபெல் பதில் பேச வாயெடுத்தாள். பள்ளிக்கூட மணி அடித்தது. கோபத்தோடு போய்விட்டாள். அன்று முதலாம் வகுப்புப் பிள்ளைகள் சத்தம் போடாமல் படித்தார்களாம்.

றோசலின் மட்டும் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். "இத்தனை வருசத்துல நான் வச்ச கொழம்பை நல்லா இருக்குன்னு நீங்க சொல்லியிருக்கீங்களா?"

"சொல்லணுமா? தட்டைக் கழுவி வச்ச மாதிரி சாப்பிடுறனே."

"தொரை எப்படிச் சாப்பிடுறாரு?"

சூசைரட்ணம் தேத்தண்ணித் தட்டைத் துடைத்து வைத்தார். பிறகு, "வெள்ளைக்காரங்க வேற. அவுங்களுக்கு வாயால சொல்லுற பழக்கம் இருக்கு. ஹார்வி தொரை சொல்லலையா?" என்றார்.

பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டதும் இசபெல் ஒபிசுக்குப் போகும் பாதையில் சவுக்கு மரத்தடியில் நின்றாள். றோலண்ட் வந்தான். நடந்ததைச் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியா சொன்னாரு? அட் ஓல்னு வேற சொன்னாரா?"

"சிரிக்கிறீங்க. அப்பா வேணாங்கிறாரு."

"இசபெல், நான் ஒபிசுல இந்த மனுசனோட எவ்வளவு நாளா இருக்கேன். அவரு வெரி குட்னு சொன்னா, பேச்சு முடிஞ்சது, நீ போகலாம்னு அர்த்தம். ஃபைன்னு சொன்னா, நீ சொன்னது காதுல விழலைன்னு அர்த்தம். வெரி இன்ரஸ்டிங்னு ஒரு கொம்பனிக்காரர்கிட்ட சொன்னாரு. அந்தாளு வாசல் தாண்டுறதுக்குள்ள அவரு குடுத்த கடதாசியைக் குப்பையில போட்டாரு. நொட் பேட் அப்படி இல்ல. போன வருசம் மழையில பாலம் உடைஞ்சப்ப, எங்க கணக்கர் ஐயா காய்ச்சலோட நின்னு எல்லாருக்கும் அரிசி போய்ச் சேர வச்சாரே, அதுக்குத்தான் சொன்னாரு."

"இதையெல்லாம் அப்பாகிட்ட வந்து சொல்லுங்க."

"நான் சொன்னா எப்படி நம்புவாரு? எனக்கு நானே சாட்சி சொல்ற மாதிரி ஆயிரும்."

"அப்ப தொரைகிட்ட சொல்லி, வெரி குட்னு ஒரு வார்த்தை அப்பாகிட்ட சொல்லச் சொல்லுங்க. முடிஞ்சு போச்சு."

றோலண்ட் தலையசைத்தான். "கேட்டு வாங்குற நல்ல பேரு எனக்கு வேணாம். அதுவும் வெரி குட்டா? அதைவிட அவரு சொன்னதே எனக்குப் பெருசு."

இசபெலுக்கு அந்தப் பதில் எரிச்சலாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. எது கூடுதல் என்று தெரியாமல் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த வாரம் பக்கத்துத் தோட்டத்துத் துரை விருந்துக்கு வந்தார். சிவந்த முகம், பெரிய சிரிப்பு, ஹார்வி துரையின் சொந்தக்காரர் போலப் பேச்சு. பேச்சுவாக்கில் தன்னுடைய ஸ்டோர் கீப்பரைப் பற்றிச் சொன்னார். இவர்களைப் போல வேதக்கார இளைஞன், கலியாணம் ஆகாதவன், "ஃபஸ்ட் கிளாஸ் ஃபெலோ". சூசைரட்ணம் கிழங்குத் தட்டை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டார். எத்தனை வருசத்துக்குப் பிறகு காதில் விழுகிற வார்த்தை. கிழங்கைப் பரிமாறி முடிப்பதற்குள் மனதுக்குள் பாதிக் கலியாணத்தை முடித்துவிட்டார்.

குசினியில்தான் சங்கடம் காத்திருந்தது. அன்று விறகு ஈரம். அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. கரமல் புடிங் நடுவில் இறுகவே இல்லை. கவிழ்த்ததும் சரிந்து, தட்டில் தண்ணீர் விட்டது. வேறு செய்ய நேரமும் இல்லை. சூசைரட்ணம் அப்படி ஒரு தட்டை மேசைக்குக் கொண்டுபோனது பங்களா வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. காது மடல் சூடாக, கண்ணை நிமிர்த்தாமல் கொண்டுபோய் வைத்தார்.

வந்த துரை ஒரு கரண்டி வாயில் வைத்தார். "ஃபஸ்ட் கிளாஸ், அப்பு! ஃபஸ்ட் கிளாஸ்!" என்றார். சொல்லிவிட்டு மிச்சத்தைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி, கரண்டியைக் கவிழ்த்து மூடி வைத்தார்.

மெக்கின்னன் துரையும் ஒரு கரண்டி சாப்பிட்டார். நிமிர்ந்து பார்த்தார். "ஸ்டோவ் ட்ரபிள், அப்பு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"யெஸ், மாஸ்டர். விறகு ஈரம்."

துரை தலையை ஆட்டிவிட்டு, தன் பங்கைச் சாப்பிட்டு முடித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சூசைரட்ணம் குசினிக்கு வந்து கரண்டியால் மூடியிருந்த அந்தத் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். றோசலின் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

"இதை ஃபஸ்ட் கிளாஸ்னு சொல்லிட்டுப் போறாரு."

"சொல்லட்டுமே. நல்லதுதானே?"

"அந்த ஸ்டோர் கீப்பரையும் இதே வார்த்தைதான் சொன்னாரு."

அதற்குமேல் அவர் அந்தச் சம்பந்தத்தைப் பற்றிப் பேசவில்லை. ஹார்வி துரை காலத்து சூப்பும் கோழியும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து அவரைத் தொந்தரவு செய்தன. அதில் எத்தனை உண்மையில் நன்றாக இருந்தன? கறி தீய்ந்துபோன ஒருநாளும் "ஸ்பிளெண்டிட்" கிடைத்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று அதைத் தன் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தார். ஆனாலும் றோலண்ட் விஷயத்தில் அவர் இறங்கி வரவில்லை. ஃபஸ்ட் கிளாஸ் பொய் என்பதனால் நொட் பேட் பெரிதாகிவிடுமா என்று கேட்டார். இசபெல் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். தேத்தண்ணியைக்கூட அம்மாவின் கையில்தான் கொடுத்தனுப்பினாள்.

மழைக்காலம் பிடித்ததும் ரஸ்டிக்கு முடியாமல் போயிற்று. வயதான நாய். பின்னங்கால்கள் எழும்பவில்லை. வராந்தாப் படியில் துரையே அதைத் தூக்கி இறக்கி, தூக்கி ஏற்றினார். ஈரலை வேகவைத்துச் சோற்றோடு குழைத்துத் தரச் சொல்லி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து உருண்டை உருண்டையாக ஊட்டினார். நானுஓயாவிலிருந்து ஒரு மிருக வைத்தியரைக் கார் அனுப்பிக் கூட்டி வந்தார்கள். அவர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

ஒருநாள் விடிந்தபோது நாய் மூச்சில்லாமல் கிடந்தது. அன்று காலை ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்குத் துரை போகவில்லை. காய்ச்சலிலும் போகிறவர் போகாததால் தோட்டம் முழுக்க விஷயம் பரவிவிட்டது. பூந்தோட்டத்தில் வேலை செய்யும் பழனியாண்டி மண்வெட்டியோடு வந்தான். துரை மண்வெட்டியை வாங்கிக்கொண்டு அவனைப் போகச் சொன்னார். ரோசாப் பாத்திக்குக் கீழே தானே குழி வெட்டினார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. தன்னுடைய பழைய கம்பளிச் சட்டையில் நாயைச் சுற்றி, தானே இறக்கி, தானே மண்ணைத் தள்ளி மூடினார்.

சூசைரட்ணம் ஒரு கோப்பை தேத்தண்ணியைத் தட்டில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். கூப்பிடாமல் போனது சரியா தவறா என்று தெரியவில்லை. துரை திரும்பிப் பார்த்தார். கையெல்லாம் சேறு. கோப்பையை எடுத்துக்கொள்ளவில்லை.

"ஹீ வோஸின்ட் எ பேட் டோக், அப்பு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நொட் எ பேட் டோக் அட் ஓல்."

கடைசிச் சொல் சரியாக வரவில்லை. அவர் முகத்தை எதிர் மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் ஒரு தடவை குலுங்கியது.

சூசைரட்ணம் தூறலில் அப்படியே நின்றார். கோப்பையில் மழைத்துளி விழுந்துகொண்டிருந்தது. இந்த மனிதருக்கு இதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆட்டுத் தொடை வைத்த அந்த முதல் நாள் நினைவுக்கு வந்தது. அன்று தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுப் பட்டினி படுத்தது நினைவுக்கு வந்தது. "ஐ நோ, மாஸ்டர்" என்று மட்டும் சொன்னார். இங்கிலிசில் அவருக்கு வேறு ஒன்றும் வரவில்லை. தமிழிலும் வந்திருக்காது.

துரை உள்ளே போனதும், சூசைரட்ணம் தட்டைக் குசினியில் வைத்துவிட்டு வெள்ளைக் கோட்டோடு நேரே ஒபிசுக்கு நடந்தார். வேலை நேரத்தில் பங்களா அப்பு ஒபிசுப் பக்கம் வருவதில்லை. றோலண்ட் பதறி எழுந்து வெளியே வந்தான்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை உங்க அப்பா அம்மாவ வீட்டுக்கு வரச் சொல்றீங்களா?"

றோலண்டுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "தொரை ஏதும் சொன்னாரா?" என்று கேட்டான்.

"சொன்னாரு."

"என்னைப் பத்தியா?"

"இல்ல. நாயைப் பத்தி."

அதற்குமேல் விளக்கம் சொல்ல அவர் நிற்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது.

இசபெலிடம் சொன்னது றோசலின்தான். "உங்கப்பா மாப்பிள்ளைய நாயோட வச்சுப் பாத்து முடிவு பண்ணியிருக்காரு" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், துரை குழி வெட்டியதைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இசபெல் அன்று சாயந்திரம் தேத்தண்ணியைத் தானே கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். சீனி கூடிப்போய்விட்டது என்றார். அதோடு அவர்கள் பேச்சு பழையபடி தொடங்கிவிட்டது.

றோலண்டின் அப்பாவும் அம்மாவும் அக்கரப்பத்தனையிலிருந்து பஸ்ஸில் வந்து, மீதித் தூரத்தை நடந்தார்கள். அம்மா துணியில் ஒரு பெரிய பலாப்பழத்துண்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மகனுக்கு இவ்வளவு பெரிய இடமா என்று இருவருக்கும் கொஞ்சம் பயம். பங்களாக்காரர் கத்தியும் முள்ளும் வைத்துவிடுவாரோ என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்களாம். றோசலின் வாழையிலை விரித்துச் சோறும் கோழிக் குழம்பும் போட்டாள். றோலண்டின் அப்பா இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார். இலையை மடிப்பதற்குள் நாள் குறித்தாகிவிட்டது.

தைக்குப் பிறகு தலவாக்கலைக் கோயிலில் கலியாணம். மெக்கின்னன் துரை பொண்ணு போக வரத் தன்னுடைய காரைக் கொடுத்தார். அவரும் வந்தார், கடைசி வாங்குப் பலகையில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்து வாசலில் எல்லாரும் நிற்கும்போது றோலண்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சூசைரட்ணம் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றதுதான் மிச்சம்.

திரும்பும்போது பொண்ணும் மாப்பிள்ளையும் காரில் வருவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் லொறியில் ஆட்கள் பாட்டும் கைதட்டுமாகக் கிளம்பியதைப் பார்த்ததும் இசபெல் காரிலிருந்து இறங்கிவிட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லொறியில் ஏறினாள். றோலண்டும் பின்னால் ஏறினான். காலியாக நின்ற காரில், சாரதி வற்புறுத்தியதால், றோலண்டின் அப்பாவும் அம்மாவும் கூச்சத்தோடு ஏறி, சீட்டின் நுனியில் உட்கார்ந்தார்கள்.

பாதி மேடு ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. யாரோ தார்ப்பாயை இழுத்துப் பிரித்தார்கள். ஒரு முனையைச் சூசைரட்ணம் பிடித்தார், மறு முனையைப் புது மாப்பிள்ளை பிடித்தான். நடுவில் தேங்கிய தண்ணீர், லொறி ஒரு குழியில் விழுந்து எழும்பியபோது, மொத்தமாகச் சரிந்து றோசலினின் புதுச் சேலையில் கொட்டியது. யார் பக்கம் சரிந்தது என்று மாமனாரும் மருமகனும் தோட்டம் வரும்வரை வாதாடிக்கொண்டே வந்தார்கள்.